எச்.ஐ.வி-யோடு ரியாலிட்டி ஷோவுக்குள் போன இளைஞர்: யார் இந்த பெட்ரோ ஸமோரா?

முன்பின் தெரியாத ஏழு பேரை ஒரே வீட்டில் தங்கவைப்பது, அவர்கள் சமைப்பதையும் சண்டை போடுவதையும் சமாதானமாவதையும் கேமராவில் பிடித்து ஒளிபரப்புவது. 'பிக் பாஸ்' புண்ணியத்தில் இதெல்லாம் இன்றைக்கு யாருக்கும் புதிதில்லை. ஆனால், 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் மூலமான 'பிக் பிரதர்' 1999-ல் நெதர்லாந்தில் தொடங்குவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் எம்.டி.வி இந்த வேலையை ஆரம்பித்துவிட்டது. நிகழ்ச்சியின் பெயர் 'தி ரியல் வேர்ல்ட்'.

1994-ல் அந்த நிகழ்ச்சியின் மூன்றாவது சீசனுக்குள் போனவர்களில் ஒருவர் பெட்ரோ ஸமோரா. கியூபாவில் பிறந்தவர், தன்பாலீர்ப்பாளர், எச்.ஐ.வி தொற்று உள்ளவர். போட்டியில் ஜெயிக்க அவர் உள்ளே போகவில்லை. சொல்லப்போனால் அந்த நிகழ்ச்சியில் ஜெயிப்பதற்குப் பரிசு என்று எதுவுமே கிடையாது. எச்.ஐ.வி உள்ள ஒருவர் காலையில் எழுந்து பல் தேய்த்து, காபி குடித்து, காதலித்து, கோபப்பட்டு எப்படி வாழ்கிறார் என்பதை லட்சக்கணக்கான இளைஞர்கள் அவரவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான் போனார்.

சீசனின் கடைசி எபிசோட் ஒளிபரப்பான சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். அப்போது வயது 22. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், இன்றைக்கும் தீராத ஒரு கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும். ஒரு நோயைத் தடுக்க வழி இருந்தும், அது யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களிடம் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது. ஏன்?

ஹவானாவிலிருந்து புறப்பட்ட படகு

பெட்ரோ பிறந்தது 1972 பிப்ரவரி 29. லீப் நாளில் பிறந்ததால் அவருடைய நிஜமான பிறந்தநாள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். கணக்குப் போட்டால், வாழ்நாளில் ஐந்தே முறை. ஊர், கியூபத் தலைநகர் ஹவானாவின் புறநகர்ப் பகுதியான தியெஸ்மெரோ. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. வசதியில்லாத குடும்பம், சின்ன வீடு.

அப்பா ஹெக்டர் ஒருகாலத்தில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சியை நம்பி அதில் பங்கெடுத்தவர். பிற்பாடு நம்பிக்கை இழந்தார். 1980-ல் கியூப அரசு மரியெல் துறைமுகத்தைத் திறந்துவிட்டு, போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று அறிவித்தது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'மரியெல் படகுப் பயணம்' என்று வரலாற்றில் பதிவான இடப்பெயர்வு இதுதான்.

ஸமோரா குடும்பமும் அதில் கிளம்பியது. ஆனால், எல்லோராலும் கிளம்ப முடியவில்லை. ராணுவத்தில் சேரும் வயதை நெருங்கியிருந்த மூத்த பிள்ளைகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு பெற்றோர் படகேறினார்கள். பெட்ரோவுக்கு அப்போது எட்டு வயது. அண்ணன், அக்காக்களை அவர் மறுபடி ஒன்றாகப் பார்க்க 14 ஆண்டுகள் ஆயின. அந்தச் சந்திப்பு ஒரு மருத்துவமனையில் நடந்தது.

அந்தப் படகுகளில் போனவர்களில் தன்பாலீர்ப்பாளர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். கியூப அரசு அவர்களை வேண்டாதவர்கள் பட்டியலில் வைத்து வெளியேற்றியது. பெட்ரோ அந்த வயதில் இதையெல்லாம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அது அம்மா அப்பாவோடு போன ஒரு கடல் பயணம், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு

மயாமியை ஒட்டியிருக்கும் ஹையாலியாவில் குடும்பம் குடியேறியது. கியூபர்கள் நிறைந்த ஊர். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம். பெட்ரோ இரண்டையும் பிடித்துக்கொண்டார். அம்மா ஸொராய்தாவின் செல்லப் பிள்ளை அவர்.

பெட்ரோவுக்கு 13 வயதானபோது தோல் புற்றுநோயால் அம்மா இறந்துபோனார். அந்த அடியிலிருந்து தப்பிக்க அவர் பிடித்துக்கொண்டது படிப்பை. நல்ல மதிப்பெண், அறிவியல் மன்றம், ஓட்டப்பந்தய அணி என்று பள்ளியில் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். டாக்டராக வேண்டும் என்பது கனவு.

இன்னொரு பக்கம், தான் தன்பாலீர்ப்பாளர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விஷயம் அப்பாவுக்குத் தெரியவந்தபோது பெட்ரோவுக்கு 14 வயது. ஆண்மைப் பெருமை பேசும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் ஏராளம். ஆனால், ஹெக்டர் மகனை விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் உலகம் தன் பிள்ளையை என்ன பாடுபடுத்தப்போகிறதோ என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. பெட்ரோவின் பிற்கால தைரியத்துக்கு இந்த அப்பா ஒரு முக்கியக் காரணம்.

ரத்ததானம் சொன்ன செய்தி

பள்ளியில் ரத்ததான முகாம் நடந்தது. பெட்ரோவும் கொடுத்தார். பிறகு ஒரு கடிதம் வந்தது: ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று. 1989 நவம்பரில் முடிவு உறுதியானது. எச்.ஐ.வி பாசிட்டிவ். வயது 17. இன்னும் பள்ளிப் படிப்பே முடியவில்லை.

பாதுகாப்பற்ற உடலுறவின் மூலமே தொற்று வந்தது என்பதைப் பிற்பாடு அவர் எந்த மேடையிலும் மறைத்ததில்லை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெட்ரோ படிக்காதவர் இல்லை. வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவர், அறிவியலில் ஆர்வம் உள்ளவர். எய்ட்ஸ் என்ற வார்த்தையும் அவருக்குப் புதிதல்ல. பள்ளியில் அதைப் பற்றி ஒப்புக்கு ஒரு வகுப்பும் நடந்தது. அப்படியிருந்தும் ஏன் தற்காத்துக்கொள்ளவில்லை?

அவர் சொன்ன காரணம் எளிமையானது. அவருக்குச் சொல்லப்பட்ட எய்ட்ஸ், வேறு யாருக்கோ வரும் நோய். எங்கேயோ இருக்கும் பெரியவர்களுக்கு, போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, பாலியல் தொழிலில் இருப்பவர்களுக்கு. மயாமிக்குப் பக்கத்தில் ஸ்பானிஷ் பேசுகிற வீட்டில் வளரும், நன்றாகப் படிக்கும், ஆண்களை விரும்பும் ஒரு 15 வயதுப் பையனுக்கு வரும் நோயாக அதை யாரும் சொல்லவில்லை. ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் சொல்லித்தரவில்லை.

அன்றைய நிலைமை என்ன?

பெட்ரோ தொற்றோடு வாழ்ந்த அந்த ஐந்தாண்டுகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

எச்.ஐ.வி வைரஸ்தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று 1984 ஏப்ரலில் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் அறிவித்தார். அந்த மேடையிலேயே இன்னொன்றும் சொன்னார்: சுமார் இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும். அந்த இரண்டு ஆண்டுகள் போயின, பத்து ஆண்டுகளும் போயின. தடுப்பூசி வரவில்லை. 1987-ல் ஏ.இஸட்.டி என்ற முதல் மருந்து வந்தது. அதுவும் வைரஸைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டதே தவிர, தடுத்து நிறுத்தவில்லை.

அப்படியென்றால் கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் தகவல். அதிலும் முட்டுக்கட்டை. 1987-ல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த சட்டத் திருத்தம், தன்பாலீர்ப்பை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எய்ட்ஸ் கல்விப் பொருட்களுக்கு மத்திய அரசு நிதி தரக் கூடாது என்றது. விளைவு? அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களுடைய வாழ்க்கையை வைத்து விளக்கும் துண்டறிக்கையைக்கூட அரசுப் பணத்தில் அச்சடிக்கத் தயங்க வேண்டியிருந்தது.

பயம் எங்கும் இருந்தது. ரத்த உறைவுக் குறைபாட்டுக்கான சிகிச்சையின் வழியாகத் தொற்றுக்கு ஆளான ரயன் வைட் என்ற சிறுவனை இண்டியானாவில் ஒரு பள்ளி உள்ளே விட மறுத்தது. அவன் 1990 ஏப்ரலில் இறந்தான். கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் 1991 நவம்பரில் தனக்குத் தொற்று இருப்பதை அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. தொற்று உள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழையத் தடையே இருந்தது. அந்தத் தடை நீங்கியது 2010-ல்தான். பெட்ரோ விட்டுவந்த கியூபாவிலோ, 1986 முதல் தொற்று உள்ளவர்களைத் தனி விடுதிகளில் கட்டாயமாக அடைத்துவைத்தார்கள்.

1994-ல் 25 முதல் 44 வயது வரையிலான அமெரிக்கர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக எய்ட்ஸ் மாறியிருந்தது. விபத்தையும் புற்றுநோயையும் அது தாண்டிவிட்டது.

பள்ளி பள்ளியாக ஒரு பயணம்

தொற்று உறுதியான சில மாதங்களில் பெட்ரோவுக்கு அக்கி வந்து படுத்த படுக்கையானார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை இது கடுமையாகத் தாக்கும். அதிலிருந்து எழுந்தபோது ஒரு முடிவோடு எழுந்தார். மிச்சமிருக்கும் நாட்களை, தன்னைப் போன்ற இன்னொரு பையன் இந்த நிலைக்கு வராமல் தடுப்பதற்குச் செலவிடுவது.

பள்ளிப் படிப்பை முடித்ததும் மயாமியில் இயங்கிய 'பாடி பாசிட்டிவ்' என்ற எச்.ஐ.வி உதவி மையத்தில் சேர்ந்தார். பள்ளி, தேவாலயம், சமுதாயக் கூடம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். மேடையில் நின்று பயமுறுத்துவது அவர் பாணியில்லை. தன் கதையைச் சொல்வார். எப்படி வந்தது, எப்படித் தடுத்திருக்கலாம், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று மாணவர்கள் எதைக் கேட்டாலும், எவ்வளவு சங்கடமான கேள்வியாக இருந்தாலும், சிரித்த முகத்தோடு பதில் சொல்வார்.

'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அவரைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது. அதன்பின் ஓப்ரா வின்ஃப்ரே உள்ளிட்டோரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து அழைப்பு வந்தது. 1993 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அங்கே அவர் வைத்த கோரிக்கை ஒன்றுதான். ஓர் இளைஞனை, அதுவும் வெள்ளையர் அல்லாத தன்பாலீர்ப்பு இளைஞனை எட்ட வேண்டுமென்றால், அவனுக்குப் புரிகிற மொழியில், அவன் தன்னைப் பொருத்திப் பார்க்கக்கூடிய வார்த்தைகளில் தகவலைக் கொடுங்கள் என்பது. வெறும் மொழிபெயர்ப்பு போதும் என்று அவர் கேட்கவில்லை. பேசுகிற ஆளும் அவனைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் சாரம்.

அதே 1993-ல் வாஷிங்டனில் நடந்த தன்பாலீர்ப்பாளர் உரிமைப் பேரணியில் ஷான் சாசரைச் சந்தித்தார். கறுப்பின இளைஞரான அவரும் எச்.ஐ.வி தொற்று உள்ளவர், அவரும் விழிப்புணர்வுப் பணியில் இருந்தவர். பின்னாளில் இருவரும் காதலர்கள் ஆனார்கள்.

ஒரே வீடு, ஏழு பேர்

ஊர் ஊராகப் போய் ஒரு நாளைக்குச் சில நூறு பேரிடம் பேசலாம். டிவியில் வந்தால்? இந்தக் கணக்குதான் பெட்ரோவை 'தி ரியல் வேர்ல்ட்' தேர்வுக்கு விண்ணப்பிக்க வைத்தது. 1994 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் லொம்பார்ட் தெருவில் இருந்த அந்த வீட்டுக்குள் குடியேறினார்.

வீட்டில் இருந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். கார்ட்டூனிஸ்ட் ஜட் வினிக், மருத்துவ மாணவி பாம் லிங், இசைக் கலைஞர் முகமது பிலால், கல்லூரி மாணவி கோரி மர்ஃபி, தீவிர கத்தோலிக்கப் பின்னணியும் குடியரசுக் கட்சி ஆதரவும் கொண்ட ரேச்சல் காம்போஸ், சைக்கிளில் தபால் பட்டுவாடா செய்யும் 'பக்' எனப்படும் டேவிட் ரெய்னி.

தன் தொற்றைப் பற்றிச் சொல்ல பெட்ரோ தேர்ந்தெடுத்த வழி ஒரு ஆல்பம். தன் விழிப்புணர்வுப் பயணத்தின் செய்தித் துணுக்குகளும் படங்களும் ஒட்டிய நோட்டை எடுத்துக் காட்டினார். ரேச்சலுக்கு ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருப்பது பாதுகாப்பா என்ற பயம். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெரும்பாலானவர்களின் பயமும் அதுதான். பெட்ரோ கோபப்படவில்லை, விளக்கினார். ஒன்றாகச் சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தினால் வராது. நாட்கள் போகப்போக ரேச்சலின் தயக்கம் நட்பாக மாறியதை மக்கள் கண்முன்னே பார்த்தார்கள். நூறு துண்டறிக்கையால் முடியாத வேலை இது.

பக்கோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் சாப்பிடும் வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவில் விரலை விட்டு எடுப்பது அவர் பழக்கம். எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்குச் சுத்தம் உயிர்ப் பிரச்னை. அதோடு பெட்ரோவைச் சீண்டுவதும் நடந்தது. இந்த மன அழுத்தம் தன் உடம்பைக் கெடுக்கிறது, இப்படியே போனால் தான் வெளியேற வேண்டியிருக்கும் என்று பெட்ரோ சொல்ல, மற்றவர்கள் கூடிப் பேசி வாக்கெடுத்து பக்கை வெளியேற்றினார்கள். ரியாலிட்டி டிவி வரலாற்றில் இன்றைக்கும் பேசப்படும் காட்சி அது.

அந்த வீட்டிலேயே பெட்ரோவும் ஷானும் மோதிரம் மாற்றி, வாழ்க்கைத் துணையாக உறுதியேற்றார்கள். தன்பாலினத் திருமணம் அமெரிக்கா முழுக்கச் சட்டமானது 2015-ல். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு ஆண்கள், இருவருமே வெள்ளையர் அல்லாதவர்கள், இருவருக்குமே எச்.ஐ.வி, உறவினர் நண்பர்கள் சூழ உறுதியேற்பதை இளைஞர்கள் டிவியில் பார்த்தார்கள். அதற்கு முன் அமெரிக்கத் தொலைக்காட்சி அப்படி ஒன்றைக் காட்டியதில்லை.

கடைசி மாதங்கள்

படப்பிடிப்பு நடக்கும்போதே பெட்ரோவுக்கு உடல் எடை குறைந்தது, நிமோனியா வந்தது. ஜூன் மாதம் எல்லோரும் வீட்டைக் காலிசெய்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒளிபரப்பு தொடங்கியது. அதாவது, டிவியில் பெட்ரோ ஆரோக்கியமாகச் சிரித்துக்கொண்டிருந்த வாரங்களில், நிஜத்தில் அவர் நோய் முற்றிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்காக நியூயார்க் போன இடத்தில் தடுமாற்றமும் குழப்பமும் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையைத் தாக்கும் 'பி.எம்.எல்' என்ற அரிய நோய் என்று தெரியவந்தது. எதிர்ப்புச் சக்தி வலுவாக இருப்பவர்களிடம் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு வைரஸ், எய்ட்ஸ் முற்றியவர்களின் மூளையைச் சிதைக்கும் நோய் இது. அன்று அதற்கு மருந்தில்லை. நாடு முழுக்கப் போய்ப் பேசிய குரல் மெல்ல மெல்ல அடங்கியது.

இன்னொரு கசப்பான விஷயம், அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. சிகிச்சைச் செலவுக்காக எம்.டி.வி ஒரு நிதியை ஏற்படுத்தியது. அதிபர் பில் கிளின்டன் தொலைபேசியில் அவரிடம் பேசினார். அமெரிக்க அரசு ஏற்பாடு செய்ய, கியூபாவில் விட்டுவந்த உடன்பிறப்புகள் மயாமி வந்துசேர்ந்தார்கள். 1980-ல் மரியெல் துறைமுகத்தில் பிரிந்த குடும்பம் பெட்ரோவின் கட்டிலைச் சுற்றி ஒன்றுசேர்ந்தது.

1994 நவம்பர் 10 இரவு கடைசி எபிசோட் ஒளிபரப்பானது. நவம்பர் 11 அதிகாலை, மயாமியின் மெர்சி மருத்துவமனையில் பெட்ரோ உயிர் பிரிந்தது.

இதில் நெஞ்சை அறுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. எய்ட்ஸ் சிகிச்சையைப் புரட்டிப்போட்ட 'புரோட்டீஸ் தடுப்பான்' வகையின் முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 1995 டிசம்பரில். 1996-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின், சாகக் கிடந்தவர்கள்கூட எழுந்து நடமாடினார்கள். பெட்ரோவின் காதலர் ஷான் சாசர் 2013 வரை வாழ்ந்தார். அவர் இறந்தது எய்ட்ஸால் அல்ல, ஒருவகைப் புற்றுநோயால். பெட்ரோவுக்கும் அந்த மருந்துகளுக்கும் இடையே இருந்த தூரம் ஓராண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அவர் ஒப்புக்கொண்டிருந்த பள்ளி, கல்லூரிப் பேச்சுகளை நண்பர் ஜட் வினிக் ஏற்று நடத்தினார். அந்த நட்பை 2000-ல் 'பெட்ரோ அண்ட் மீ' என்ற சித்திர நூலாக வெளியிட்டார். பல பள்ளி நூலகங்களில் அது இன்றைக்கும் இருக்கிறது. ஜட்டும் பாம் லிங்கும் பின்னர் திருமணம் செய்துகொண்டார்கள்.

தடுப்பூசி இருந்தாலே போதுமா?

பெட்ரோ காலத்தில் எச்.ஐ.வி-க்குத் தடுப்பூசி இல்லை, அதனால் விழிப்புணர்வு தேவைப்பட்டது. தடுப்பூசி இருந்திருந்தால் பிரச்னையே இருந்திருக்காது என்று தோன்றலாம். ஆனால், விஷயம் அப்படியில்லை.

ஹெபடைட்டிஸ் பி-யை எடுத்துக்கொள்வோம். கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸும் உடலுறவு வழியே பரவும். இதற்கான தடுப்பூசி வேலை செய்கிறது என்பதை நிரூபித்த முக்கியமான ஆய்வு, 1970-களின் கடைசியில் நியூயார்க்கின் 1,083 தன்பாலீர்ப்பு ஆண்களிடம் நடந்தது. அவர்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதால்தான் 1981-ல் அனுமதியும் கிடைத்தது. தன்பாலீர்ப்பு ஆண்கள் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று 1982-லேயே பரிந்துரையும் வந்தது. ஆனால், எத்தனையோ ஆண்டுகள் அந்தச் சமூகத்தின் இளைஞர்கள் பலர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. முதலில் வந்த ஊசி, மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து தயாரானது. அதன் வழியே எய்ட்ஸ் வந்துவிடுமோ என்ற பயம் பரவியது. அந்தப் பயம் ஆதாரமற்றது என்று ஆய்வுகள் காட்டியும் சந்தேகம் சுலபத்தில் போகவில்லை.

எச்.பி.வி தடுப்பூசியிலும் இதே கதை. 2006-ல் அது பெண்களுக்கான ஊசியாக அறிமுகமானது. ஆண்களுக்கு அனுமதி 2009-ல், எல்லாச் சிறுவர்களுக்குமான பரிந்துரை 2011-ல். கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுப்பூசி என்றே விளம்பரமானதால், ஆசனவாய், தொண்டைப் புற்றுநோய்களிலிருந்து ஆண்களையும் அது காக்கும் என்ற செய்தி பின்னால் போய்விட்டது. டாக்டர் பரிந்துரைத்தால்தான் பலரும் ஊசி போட்டுக்கொள்வார்கள். ஆனால், தான் ஆண்களோடு உறவு கொள்பவன் என்று டாக்டரிடமே சொல்லத் தயங்குகிற ஒருவருக்கு அந்தப் பரிந்துரை எப்படிக் கிடைக்கும்?

2022-ல் எம்பாக்ஸ் எனப்படும் குரங்கம்மை பரவியபோது இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். அவர்களில் லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டவர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட அதிகம். ஆனால், ஊசி போட்டுக்கொண்டவர்களில் அவர்களுடைய பங்கு அதற்கு ஈடாக இல்லை. ஊசிக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், வேலை நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும், தகவல் முதலில் ஆங்கிலத்தில் வரும். குடியுரிமை ஆவணம் இல்லாதவர்களுக்கு அரசு மையம் என்றாலே பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வரிசையில் நிற்பதை யாராவது பார்த்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற கலக்கம்.

ஒரு சின்ன உதாரணம் போதும். அந்த ஊசியை முன்கையின் தோலுக்கடியில் போட்டதால் தழும்பு தெரிந்தது. அது பாலியல் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் முத்திரையாகிவிடுமோ என்று பலர் தயங்கினார்கள். சட்டை மறைக்கும் தோள்பட்டையிலோ மேல் முதுகிலோ போடலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதலை மாற்றியது. மருந்தில் எந்த மாற்றமும் இல்லை, ஊசி போடும் இடம்தான் மாறியது.

எச்.ஐ.வி தடுப்பூசி எந்த நிலையில் இருக்கிறது?

இன்னும் வரவில்லை. வைரஸ் தன் உருவத்தை ஓயாமல் மாற்றிக்கொள்வதும், உடலின் மரபணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்வதும் முக்கியக் காரணங்கள். 'மொசைக்கோ' என்ற பெரிய ஆய்வு 2019-ல் தொடங்கியது. மெக்ஸிகோ, பெரு, பிரேசில், அர்ஜென்டினா, அமெரிக்கா என்று பல நாடுகளில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநர்களுமாக சுமார் 3,900 பேர் அதில் சேர்ந்தார்கள். தடுப்பூசியால் ஆபத்தில்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை என்று தெரிந்ததால் 2023 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது.

தடுப்பூசி இல்லாவிட்டாலும் தடுக்கும் மருந்து இருக்கிறது. தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் 'பிரெப்' மாத்திரைக்கு 2012-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அனுமதி கிடைத்தது. தொற்று உள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து அது யாருக்கும் பரவாது என்பதும் நிரூபணமாகிவிட்டது. பெட்ரோவும் ஷானும் கனவில்கூட எதிர்பார்த்திருக்க முடியாத வசதிகள் இவை.

ஆனால், அமெரிக்காவில் இன்றைக்கும் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டவர். மக்கள்தொகையிலோ அவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். மருந்துக் கடையில் மருந்து இருக்கிறது. அது தனக்கானது என்று அந்த 17 வயதுப் பையனுக்குத் தெரியுமா, அவன் மொழியில், அவனைப் போன்ற ஒருவர் வந்து சொன்னாரா என்பதுதான் இன்னமும் கேள்வி. 1993-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து பெட்ரோ கேட்டதும் இதையேதான்.